நடுத்தர விலை டேப்லெட்டுக்கு எழுத்தாணி வேண்டாமா?

2020-ஆம் ஆண்டு கொரோனாவால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது நான் வீட்டிலிருந்தே ஒளியியல் பாடம் நடத்தினேன். கரும்பலகை இல்லை, நடுத்தர விலையில் வாங்கிய ஒரு டேப்லெட் இருந்தது. அதில் விரலால் ஒரு குவிலென்சை வரைந்து கதிர்களையும் வரைந்தேன். “சார், கதிர் குவியத்தின் வழியாகப் போகிறதா, அதைத் தாண்டியா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள்மேல் பிழையில்லை. என் விரல் மறைத்த இடத்தில் என்ன வரைகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை.

பேனா ஒன்று வாங்கினால் போயிற்று என்று கடைக்குப் போனேன். “இந்த மாடலுக்கு ரப்பர் முனைப் பேனாதான் சார் வேலை செய்யும்” என்றார் கடைக்காரர். ஏன் அப்படி?

திரைக் கண்ணாடியின் அடியில், ஒளி புகும் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு சிறு மின்தேக்கி. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே விரல் நெருங்கியதும் அங்கே மின்தேக்குத்திறன் மாறுகிறது. பக்கத்துப் புள்ளிகளின் மாற்றங்களையும் ஒப்பிட்டு, விரலின் நடு எங்கே என்று உள்ளிருக்கும் சில்லு கணிக்கிறது. கூரிய பென்சில் முனை உண்டாக்கும் மாற்றமோ மிகச் சிறிது. பெரும்பாலும் அது கணக்கில் ஏறுவதேயில்லை. மலிவான பேனாக்களுக்கு விரல் நுனி போலத் தடித்த முனை இருப்பது இதனால்தான். அந்த முனையால் ‘க்’ எழுதி மேலே புள்ளி வைத்துப் பாருங்கள்!

கூர்முனை எழுத்தாணி (கடைகளில் ஸ்டைலஸ் என்பார்கள்) வேறு வகை. ஒரு முறையில், திரைக்கு அடியில் கம்பிச்சுருள்கள் பதித்த தகடு ஒன்று மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். எழுத்தாணிக்குள் இருக்கும் சுருளும் மின்தேக்கியும் அதனுடன் ஒத்ததிர்ந்து, பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். எழுத்தாணிக்கு மின்கலமே வேண்டாம்! அழுத்தி எழுதினால் அதிர்வெண் சற்று மாறும், கோடு தடிக்கும். மற்றொரு முறையில் எழுத்தாணிக்குள் சிறு மின்கலம் உண்டு. அதன் முனை அனுப்பும் மின் சைகையைத் திரையின் கோடுகளே வாங்கிக்கொள்ளும். தனித் தகடு வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சைகையை அறியும் சில்லு வேண்டும்.

தகடோ சில்லோ, வாங்கிய பிறகு நாம் சேர்க்கக்கூடியது அல்ல. உங்கள் டேப்லெட்டில் எழுத முடியுமா முடியாதா என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. நடுத்தர விலை டேப்லெட்டிலும் இதற்கு இடம் வைத்தே தீரவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

விலை ஏறிவிடுமே என்பார்கள். 2020-இல் சாம்சங் நிறுவனம் 10.4 அங்குலத் திரையுடன் இரண்டு டேப்லெட்டுகளைக் கொண்டுவந்தது. எழுத்தாணியுடன் வந்த எஸ்6 லைட் அமெரிக்காவில் ஏறத்தாழ 350 டாலர். எழுத்தாணியை ஏற்காத ஏ7 ஏறத்தாழ 230 டாலர். 120 டாலர் வித்தியாசம் சிறிதல்ல. ஆனால் அது முழுவதும் எழுத்தாணிக்கானதல்ல. நினைவகமும் சில்லும்கூட வேறு வேறு. ஆப்பிள் நிறுவனத்தைப் பாருங்கள். 2007-இல் ஐபோனை அறிமுகம் செய்தபோது எழுத்தாணியைக் கேலி செய்தவர்கள் அவர்கள்! 2015-இல் விலை உயர்ந்த ஐபேட் புரோவுக்கு எழுத்தாணி தந்தார்கள். 2018-இல் சாதாரண ஐபேடும் அதை ஏற்கும்படி செய்தார்கள். அந்த ஐபேடின் விலை 329 டாலர். முந்தைய ஆண்டு, இந்த வசதி இல்லாதபோதும், அதே 329 டாலர்தான்! எழுத்தாணிக்குத் தனியே 99 டாலர் கேட்டார்கள். என்னைக் கேட்டால் அது அநியாய விலை. இருந்தாலும் முறை சரியானது. தேவைப்படுவோர் பிறகு பணம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

படம் பார்க்கவும் பாடம் வாசிக்கவும் மட்டும் என்றால் எழுத்தாணி வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பழகத் தாளும் பேனாவும் எந்த டேப்லெட்டுக்கும் குறைந்தவையல்ல. ஆனால் பெட்டியின் மேல் ‘மாணவர்களுக்கு ஏற்றது’ என்று அச்சிட்டு விற்கிறார்களே, அந்த மாணவன் ஒரு விசைப் படமோ மின்சுற்றோ வரைய வேண்டாமா? நடுத்தர விலைக்கு வாங்கும் பல வீடுகளில் இருக்கும் ஒரே கணினி அதுதான். அதிக விலை கொடுத்தவன் எழுதலாம், மற்றவன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் டேப்லெட் வாங்கப் போகும்போது, “இதில் கூர்முனை எழுத்தாணி வேலை செய்யுமா?” என்று கேளுங்கள். கடைக்காரர் ரப்பர் முனையை எடுத்துக் காட்டினால், வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.