ஓர் அஞ்சலட்டை போதும்

சிறைக்குச் சென்றவனை ஊர் இரண்டு நாள் பேசும். மூன்றாம் நாள் மறந்துவிடும். நானும் மறந்தேன். என் பள்ளித் தோழன் ஒருவன் விசாரணைக் கைதியாய் இருந்த ஐந்து மாதத்தில் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற அச்சம்!

நண்பர்களே! 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்புப் பெறாதவர்கள். நீதிபதி எழுதாத தீர்ப்பை நாம் எழுதலாமா? குற்றவாளியே ஆனாலும், அவன் திரும்பி வரவேண்டியது நம்மிடம் அல்லவா?

தில்லித் திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த தாய் ஒருத்தி, தன் ஐந்து வயது மகளை மாதம் ஒரு முறையே பார்க்கலாம் என்றிருந்தது. அக்கட்டுப்பாடு செல்லாது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்றாரைக் காண்பதும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்றது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. போவார் யார்? மொழி புரியாத சிறையில் கிடக்கும் தமிழனுக்குத் தாய்மொழியில் நாலு வரி எழுதுங்கள். அதிகாரிகள் படிப்பார்கள், ஆகவே வழக்கை விட்டுவிட்டு, ஊரில் மழை பெய்ததை எழுதுங்கள். காவலில் உள்ளவர் இலவச வழக்கறிஞரைக் கோரலாம் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம்; அதை அவர் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நான் தவறியதை நீங்களும் தவறவேண்டாம்.