மின்சாரம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள்

மின்சாரம் பட்டுவிட்டால் எந்த வாத்தியமும் போலிதான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். நானும் எழுபதைத் தாண்டிய பெரியவன்தான். ஆனாலும் இந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஓர் இளைஞர், பழைய யமஹா எலெக்ட்ரிக் கிராண்ட் பியானோ ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறார். தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தடுக்கிறார்கள். "கரண்டில் ஓடுவது எல்லாம் ஒன்றுதானே! அந்தக் காசுக்குப் புதுக் கீபோர்டே வாங்கலாமே!" என்கிறார்கள். ஒன்றே இல்லை ஐயா.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் கிராண்ட் பியானோவை 'வால் வைத்த பியானோ' என்பார்கள். அந்த வாலுக்குள் கம்பிகள் நீண்டு கிடக்கும். அவற்றின் அதிர்வை ஒரு பெரிய மரப்பலகை வாங்கி அறை முழுவதும் ஒலிக்கச் செய்யும். யமஹா 1976-ல் கொண்டுவந்த சி.பி.-70 என்ற மாடலில் இல்லாதது அந்தப் பலகை ஒன்றுதான். மொத்தம் 73 கட்டைகள். கட்டையை அழுத்தினால் சுத்தியல் எழும்பி நிஜக் கம்பியை அடிக்கிறது. அந்த அதிர்வைப் பிக்கப் மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. கச்சேரிக்கு ஊர் ஊராகக் கொண்டுபோக வசதியாக இரண்டு பகுதியாகக் கழற்றவும் முடியும். கீபோர்டிலோ கம்பியும் கிடையாது, கம்பியை அடிக்கும் சுத்தியலும் கிடையாது. உள்ளே இருக்கும் சில்லுதான் ஒலியைத் தருகிறது.

நெசவு தெரிந்த ஊரில் இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதே இல்லை. முன்பு நம் தறிகளில் அடை கட்டி நெய்தார்கள். பிறகு ஜக்கார்டு பெட்டி வந்தது. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் செய்த கருவி அது. துளை போட்ட அட்டைதான் எந்த இழை தூக்க வேண்டும் என்று சொல்கிறது. அதற்காகப் பிள்ளையார்பாளையத்துச் சேலையைப் போலி என்று யாராவது சொன்னோமா? 1985-ம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். விசைத்தறி அல்லாத தறி எல்லாம் கைத்தறி என்கிறது. தறியை ஓட்டுவது எது என்பதுதான் அங்கே கேள்வி. வாத்தியத்துக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். சாதாரண மாண்டலினில் நாதம் சட்டென்று அடங்கிவிடும், கமகம் நிற்காது. அவர் மின் மாண்டலினைக் கையில் எடுத்தார். 1998-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வாசிப்பை யாரும் கரண்டின் வாசிப்பு என்று சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தாலும் பரவாயில்லை. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடிக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அங்கே அடிப்பது மோட்டார். தவில்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் போக வேண்டிய கூலி மின் கட்டணமாகப் போகிறது. அதை நன்கொடையாகக் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்கிறவர்கள், இந்த இளைஞரின் பியானோவைப் போலி என்கிறார்கள்! மனிதன் எழுப்பிய ஒலியை மின்சாரம் பெரிதாக்கிக் கொடுக்கட்டும். மனிதன் வேலையை அது பிடுங்குகிற இடத்தில்தான் நாம் சண்டை போட வேண்டும்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பியானோவைவிடக் கம்பி குட்டை, அதனால் கீழ்ஸ்தாயியில் கொஞ்சம் உலோகச் சத்தம் கேட்கும். பியானோவில் கமகம் வராது, இதிலும் வராது. சுருதி சேர்க்கும் செலவும் நிற்காது.

ஆகவே தம்பி, ஆசைப்பட்டு உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் இணைத்து 73 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு கட்டை மட்டும் அடங்கி ஒலித்தால் அதன் பிக்கப் போயிருக்கலாம். கம்பியை இழுத்துப் பிடிக்கும் முளைகள் தளர்ந்திருந்தால் சுருதி நிற்காது, பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். சுத்தியல் முனைத் தோல் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனை வோல்ட் என்று கருவியிலேயே எழுதியிருக்கும். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. நம் 230-ல் நேராகச் சொருகினால் புகைதான் வரும். தகுந்த டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல எர்த்தும் வேண்டும். எடை நூறு கிலோவுக்கு மேல், எனவே மாடி வேண்டாம். வெயிலும் சாரலும் படும் ஜன்னலோரமும் வேண்டாம். கொண்டுவந்த அன்றே சுருதி சேர்க்காமல், ஒரு பத்து நாள் அறைக்குப் பழக விடுங்கள். பிறகு பியானோ தெரிந்த ஆளைச் சென்னையிலிருந்து அழைத்து வாருங்கள். அங்கே மியூசி மியூசிக்கல் கடை 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கியது. பியானோ நம் பக்கத்துக்குப் புதிய சரக்கு அல்ல.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் நின்று, மேல்மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். கம்பி அதிர்வது கண்ணுக்கே தெரியும். பார்த்த பிறகும் போலி என்று தோன்றினால் அப்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.