மௌனம் யாரைக் காப்பாற்றியது?

வெளிநாட்டில் ஒரு பத்திரிகையாளரைச் சிறையில் அடைத்தால், வெளியுறவுத் துறை வட்டாரங்களில் உடனே எழும் பேச்சு இது: "சத்தம் போடாதீர்கள், திரைமறைவில் பேசிக்கொண்டிருக்கிறோம். கூச்சலிட்டால் கைதிக்குத்தான் கெடுதல்." தாவித் இசாக்கின் கதை தெரிந்த எவராலும் இதை ஏற்க முடியாது.

எரித்திரியாவில் பிறந்து சுவீடன் குடிமகனானவர் தாவித். தாய்நாடு விடுதலை பெற்றபின் திரும்பிப் போய் 'செத்தித்' பத்திரிகையில் எழுதினார். சீர்திருத்தம் கேட்டு ஆளுங்கட்சியின் மூத்த தலைவர்கள் 15 பேர் எழுதிய பகிரங்கக் கடிதத்தை 2001இல் அது வெளியிட்டது. செப்டம்பர் 23 அன்று அவரைப் பிடித்துப் போனார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. சுவீடன் மௌன ராஜதந்திரத்தை நம்பியது. 2005 நவம்பரில் ஒருமுறை வெளியே விட்டார்கள். சுவீடனில் இருந்த குடும்பத்தாரோடு தொலைபேசியில் பேசினார். இரண்டே நாளில் மறுபடி சிறை. அந்தக் குரலைக் கேட்டு அவர் வந்துவிடுவார் என்று நம்பிய பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். இதைவிட என்ன கெடுதல் கூச்சலால் வந்திருக்கும்?

"இரட்டைக் குடியுரிமைக்காரர், எரித்திரியா அவரைத் தன் குடிமகனாகவே பார்க்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்பது அடுத்த வாதம். ஆனால் இலங்கைப் பத்திரிகையாளர் திசைநாயகம் அந்நாட்டுக் குடிமகன்தான்; அவருக்காகவும் வெளியிலிருந்து குரல் எழுந்தது. எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2008 மார்ச்சில் கைதானவர். அடுத்த ஆண்டு பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா அவர் பெயரைச் சொன்னார். ஆகஸ்டில் 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. "பார்த்தீர்களா, பேசியதால் வந்த வினை" என்பார்கள். ஆனால் 2010 ஜனவரியில் ஜாமீன், மே 3இல் பொதுமன்னிப்பு அறிவிப்பு. இடைப்பட்ட மாதங்களில், இலங்கைக்குத் தந்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்திருந்தது. இவற்றுக்குள் தொடர்பே இல்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

"அறிக்கைகளால் எந்தக் கதவும் திறக்காது" என்பதில் மட்டும் பாதி உண்மை உண்டு. வெறும் அறிக்கை போதாதுதான். அதன் பின்னால் பணமும் வணிகமும் நிற்க வேண்டும். 2009இல், தாவித்தை விசாரிக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று எரித்திரிய அதிபர் இசாயாஸ் சுவீடன் தொலைக்காட்சியிலேயே சொன்னார். அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு 12.2 கோடி யூரோ உதவிக்கு ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, தாவித் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும்.