உயரத்துக்கும் ஒரு டிக்கெட் கொடுங்க!

எலவனாசூர்கோட்டைக்காரங்க நாங்க, உயரத்துலேர்ந்து படம் எடுக்கணும்னா கல்வராயன் மலைக்குப் போவோம். சென்னையில உயரம்னா கட்டடம்தான். அங்கே கேமராவோட போனா வாட்ச்மேன் 'கூடாது' என்பார். அவர்மேல் கோபப்படாதீங்க, 'சரி' சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேனேஜருக்கே முன்கூட்டி எழுதுங்க: எந்த நாள், எத்தனை பேர், படம் எதுக்கு. பக்கத்து வீட்டு ஜன்னலை எடுக்க மாட்டோம்னும் சேருங்க.

பாதுகாப்புப் பிரச்சினையா? மெரினா கலங்கரை விளக்கமும் அந்தக் காரணத்தால பல வருஷம் மக்களுக்கு மூடித்தான் இருந்தது. 2013 நவம்பர் 14-ல் மறுபடி திறந்தாங்க. நுழைவுக் கட்டணம், கேமராவுக்குத் தனிக் கட்டணம், லிஃப்ட். அவ்வளவுதான் ஏற்பாடு!

அண்ணா சாலையில 1959-ல் திறந்த எல்ஐசி கட்டடத்தைக் கீழே நின்னு எடுக்காதவங்க உண்டா? பொதுத்துறைக் கட்டடம்தானே, மாசம் ஒரு ஞாயிறு மேலேர்ந்தும் எடுக்க விடலாமே!