கவனத்தைத் தலையில் மாட்ட முடியாது

"கருவி காப்பாத்தாது, கவனம்தான் காப்பாத்தும்."

பல வருஷமாக இந்த வாக்கியம் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு விழா என்று பந்தல் போட்டால் அங்கே கேட்கும். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்கு வரும் வழியில் எந்த டீக்கடையிலாவது ஹெல்மெட் பேச்சை எடுத்தால் அங்கேயும் கேட்கும். மோனை சரியாக விழுந்திருப்பதால் கைதட்டலும் சரியாக விழுந்துவிடுகிறது. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சமீபத்தில் எங்கள் பகுதிக் கூட்டம் ஒன்றுக்கு வந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் இதை ஆகாயத்துக்கே ஏற்றிவிட்டார். விமானத்திலிருந்து விளையாட்டாகக் குதிக்கிறவர்களுக்கு, பாராசூட்டைத் தானாகவே திறந்துவிடும் ஒரு பெட்டி வந்ததாம். அது வந்த நாளிலிருந்து 'அதுதான் இருக்கே' என்ற மிதப்பில் குதித்துக் குதித்துச் சாகிறார்களாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டமே உண்டாம், 'பூத் சட்டம்' என்று. ஆகவே ஹெல்மெட்டை நம்பாதீர்கள், புத்தியை நம்புங்கள் என்று முடித்தார். பள்ளிப் பிள்ளைகள் கை வலிக்கத் தட்டினார்கள். பேசியவர் சால்வையை மடித்து வைத்துவிட்டு, காரில் ஏறி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவருடைய கட்சி சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"போட்டா வேர்க்குதுங்க, முடி கொட்டுதுங்க."

வேர்க்கத்தான் செய்யும். புதுக்கோட்டை வெயிலில் வேர்க்கக் கூடாதென்றால் திண்ணையை விட்டே இறங்கக் கூடாது. முடி வளர்வதற்கும் முதலில் தலை வேண்டும்.

"விதி முடிஞ்சா எதைப் போட்டாலும் போகத்தான் போகுது."

இதைச் சொல்கிறவர் புது வண்டி எடுத்த அன்றைக்கே சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியவர். ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிறும் கட்டியிருப்பார். விதியோடு பேரம் பேசக் கயிறு செல்லும், ஹெல்மெட் மட்டும் செல்லாதாம்.

"எல்லாம் போலீஸ் வசூல் பண்றதுக்குத்தான்."

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனபோது எனக்கும் வயிறு எரிந்தது. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே, ஹெல்மெட் போடாமல் நிற்காமல் போன வண்டியை இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிப்போய் உதைத்தார் என்றும், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார் என்றும் வழக்கானது. அந்தக் கொடுமைக்குப் பதில் சொல்ல வேண்டியது ஒரு பூட்ஸ் கால். ஹெல்மெட்டைக் கூண்டில் ஏற்ற அதில் என்ன இருக்கிறது?

"பாராசூட்காரங்களைப் பாருங்க!"

பார்ப்போம். இந்த உதாரணத்தை அவர்களே கொண்டுவந்து கொடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டியின் பெயர் சைப்ரஸ். ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் உருவாக்கி 1991-இல் விற்பனைக்கு வந்தது. முதுகுப் பைக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். தரைக்கு மேல் சுமார் 225 மீட்டருக்கு வந்த பிறகும் ஆள் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், 'இவர் திறக்கப் போவதில்லை' என்று முடிவு கட்டும். ஒரு குட்டிக் கத்தி சீறி வந்து, ரிசர்வ் பாராசூட்டை மூடி வைத்திருக்கும் கயிற்று வளையத்தை அறுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

குப்புற விழும் மனிதரின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 225 மீட்டரில் அவருக்கும் மண்ணுக்கும் இடையே மிச்சம் சுமார் 4 விநாடி. 13,000 அடியில் குதித்தவர் என்றால் அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு நிமிடம் அவர் கையில் இருந்தது. மணிக்கட்டில் உயரமானி இருந்தது, பாராசூட்டை இழுக்கக் கைப்பிடி இருந்தது, பேச்சாளர் புகழ்கிற கவனமும் இருந்தது. அத்தனையும் கைவிட்ட பிறகுதான் பெட்டிக்கு முறை வருகிறது. கவனம் வேலை செய்த ஒவ்வொரு தடவையும் பெட்டி கம்மென்று தூங்குகிறது. பிறகு அது எப்போது, எப்படி இவர்கள் கவனத்தைக் கெடுத்தது?

கவனம் ஏன் கைவிடுகிறது என்பதையும் கேட்க வேண்டும். நடுவானில் இன்னொருவர் முட்டிய வேகத்தில் நினைவு தப்பலாம். உடம்பு சுழன்றடித்து, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம். சிக்கிய கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது உயரம் கரைவது மறந்துபோகலாம். ஆயிரக்கணக்கில் குதித்துத் தேர்ந்தவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நினைவு தப்பிக் கிடக்கிறவரின் காதில் போய் 'கவனமா இருங்க தம்பி' என்று சொல்லிப் பார்க்கட்டும் நம் பேச்சாளர். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தவர்கள், சறுக்கிய யானைக்குக் கவனம் போதவில்லை என்று கூட்டம் போடவில்லை.

இனி பூத் சட்டம். பில் பூத் என்பவர் உண்மையிலேயே இருக்கிறார். கருவிகள் பத்திரமாக ஆக ஆக, சாவு விகிதம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆட்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள் என்று சொன்னவரும் அவர்தான். ஆய்வு நடத்திக் கண்ட விதி என்று இதை நினைத்துவிட வேண்டாம். துறையில் பழுத்த ஒருவர் சக குதிப்பாளர்களைப் பார்த்து அடித்த நக்கல் இது. அந்த பூத் என்ன தொழில் செய்கிறார் என்பதை மட்டும் நம் ஆட்கள் சொல்லவே மாட்டார்கள். அவர் பாராசூட் பாதுகாப்புச் சாதனம் செய்கிறவர்! பழுதான முதல் பாராசூட்டை ஒரே இழுப்பில் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறக்க வழி செய்யும் மூன்று வளையப் பூட்டு அவருடைய கண்டுபிடிப்பு. உலகம் முழுக்கக் குதிக்கிறவர்களின் தோளில் இன்று அது இருக்கிறது. கருவி காப்பாற்றாது என்று நம்புகிற மனிதர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து கருவி செய்துகொண்டிருப்பாரா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1970-களில் பாராசூட் விளையாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023-இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், இறந்தவர்கள் 10 பேர். குறையவே குறையாது என்று சட்டம் போட்ட சாவு, எண்ணிக்கையிலேயே நாலில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. 'இறங்கும்போது வித்தை காட்டிச் சாகிறார்களே' என்பார்கள். சாகிறார்கள்தான். முழுசாகத் திறந்த பாராசூட்டோடு, கைக்குட்டை அளவுக்குச் சின்னதாக வாங்கி, தரையை உரசிப் பறக்கப் பார்த்துச் சாகிறார்கள். அதற்கு சைப்ரஸ் என்ன செய்யும்? சின்னது வாங்கியவரைக் கேட்க வேண்டும்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? ஆக்ராவில் நம் விமானப்படை நடத்தும் பாராசூட் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே அடிப்படைப் பயிற்சி எடுக்கும் வீரர் குதிக்கும்போது, பாராசூட்டைத் திறக்கும் வேலையை அவருடைய கவனத்துக்கு விடுவதே இல்லை. விமானத்துக்குள் கம்பியில் கொக்கி போட்ட நாடா, அவர் வெளியே பாய்ந்ததும் இழுத்துத் திறந்துவிடும். நம் பாராசூட் படையினர் சோம்பேறிகள், நாடாவை நம்பிக் கவனத்தைக் கோட்டைவிட்டவர்கள் என்று அடுத்த மேடையில் பேசட்டும். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

"ஒருதடவை காப்பாத்திவிட்டா திரும்பத் திரும்ப அதையே செய்வான்."

குடுமியான்மலையில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு நிஜமாகவே தைரியம் வேண்டும். எங்கள் கோயில் கதை அப்படி. சாமிக்கு வைத்திருந்த பூவைப் பூசாரி தன் காதலிக்குக் கொடுத்துவிட்டார். எதிர்பாராமல் ராஜா வந்து நிற்கிறார். அவசரத்தில் அவள் தலையிலிருந்த பூவையே வாங்கிப் பிரசாதமாகக் கொடுக்க, பூவில் நீளமாக ஒரு முடி. 'சாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா' என்று பூசாரி உளறிவிட்டார். ராஜா உள்ளே போய்ப் பார்த்தால், லிங்கத்தில் குடுமி! பூசாரியின் தலை தப்பியது. சிகாநாதசுவாமி இன்றைக்கும் அந்தக் குடுமிக் கதையோடுதான் எங்கள் ஊரில் இருக்கிறார். மறுநாள் பூசாரி கூடை கூடையாகப் பூவைக் கடத்தினார் என்று இந்தக் கதையைச் சொன்ன ஒரு பாட்டியும் சொன்னதில்லை. தப்பிப் பிழைத்தவருக்குத் திருந்த ஒரு வாய்ப்பாவது உண்டு. செத்தவருக்குக் கவனத்தைக் கற்றுக்கொடுக்க எந்தப் பேச்சாளராலும் ஆகாது.

"ஹெல்மெட் போட்டவன்தான் கண்ணு மண்ணு தெரியாமப் போறான்."

இதற்கும் ஒரு பேராசிரியர் அகப்பட்டிருக்கிறார். சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், பாதுகாப்பு விதிகளால் கிடைத்த நன்மையை ஓட்டுநர்களின் துணிச்சல் தின்றுவிட்டது என்று வாதிட்டார். சரி, தலைக்கவசம் இல்லாதவர்தான் அதிகக் கவனமாக ஓட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. கருவி இல்லாததால் கவனம் பெருகி வழிந்த ஐம்பதாயிரம் பேர்! இன்னொரு பக்கம், பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வந்த காக்ரேன் மதிப்பீடு, ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொன்னது. துணிச்சல் தின்றது போக மிச்சம் இது.

எங்கள் ரோட்டுக்கு வந்து பாருங்கள். ஒரு வண்டியில் மூன்று பேர். ஓட்டுகிறவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி தார்ரோட்டில் பறக்கிறார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. புதுக்கோட்டை எல்லையில் போலீஸ் தலை தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். வாரை மாட்டும் பழக்கமே கிடையாது. கருவி இல்லாதவருக்குக் கவனம் ஊறும் என்ற தத்துவம் இந்த மூவரைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

அவர் கவனமாகவே ஓட்டட்டும். அறுப்புக் காலத்தில் பாதி ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதித்துத் தரட்டும் என்று. டயரில் தண்டு சுற்றினால் கவனம் என்ன செய்யும்? பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இருட்டில் நிற்கும். குவாரி டிப்பர் வளைவில் நடுரோட்டில் வரும். வெள்ளை அடிக்காத வேகத்தடை இருக்கும். வேலியிலிருந்து மயில் எழும்பி நேராக முகத்துக்கு வரும். நீங்கள் கவனமான ஆள் என்பது மயிலுக்குத் தெரியாது.

"என் தலை, என் முடிவு."

கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது. அந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அவர்கள் பிரேக்கையும் தொடவில்லை, வேகத்தையும் தீர்மானிக்கவில்லை. புருஷன் தலையில் ஹெல்மெட், பெஞ்சாதி தலையில் முந்தானை, மடியில் பிள்ளை, ஒருக்களித்து உட்கார்ந்த கோலம். இது எங்கள் பக்கத்தில் தினசரிக் காட்சி. 'ஏங்க, எனக்கும் ஒண்ணு வாங்கலாம்ல' என்று அவர் கேட்டால், 'நான் பாத்துத்தானே ஓட்டுறேன்' என்று பதில் வரும். இவருடைய கவனத்தில் அவருடைய தலை அடகு. தலை உடைந்தால் புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி, தேவைப்பட்டால் மதுரை என்று ஆம்புலன்ஸ் ஓடும்போது நிஜமான அடகும் தொடங்கும். தாலிக்கொடி, ஆடு, கடைசியில் பட்டா நிலம். முடிவு எடுத்தது ஒருத்தர், வட்டி கட்டுவது வீடு மொத்தமும்.

கவனம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? தாராளமாகக் கவனமாக இருங்கள். அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு இருங்கள். 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ரோட்டோரத்தில் குவித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டிக்குப் பதிலாக அந்த முத்திரை உள்ளதை வாங்கி, நாடிக்குக் கீழே வாரை மாட்டுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஒன்று வாங்குங்கள். அதற்குப் பிறகும் கவனத்தின் மகிமை பற்றிப் பேசியே தீர வேண்டுமென்றால், முகத்தை மூடாத மாடலும் கடையில் இருக்கிறது. வாய்க்கு ஒரு தடையும் இராது.