நிதியும் தடையும் மட்டும் போதுமா?

காஷ்மீர்ப் பிரச்னையில் மத்திய அரசு நிதி, தடை என்ற இரு கருவிகளையே பெரிதும் நம்பி வந்துள்ளது. 2004-ல் ரூ.24 ஆயிரம் கோடியில் மறுசீரமைப்புத் திட்டம், 2015-ல் ரூ.80,068 கோடியில் வளர்ச்சித் திட்டம். மறுபுறம், 2019-ல் புல்வாமா தாக்குதலையடுத்துப் பாகிஸ்தான் பொருள்கள் மீது 200 சதவீதச் சுங்க வரி. 2025-ல் பஹல்காம் தாக்குதலுக்குப் பின்னர் இறக்குமதிக்கு முழுத் தடை.

சாலைகளும் சுரங்கப் பாதைகளும் மக்களுக்குத் தேவைதான். ஆனால், அரசியல் மனக்குறைக்கு அவை விடையாகிவிடா. 200 சதவீத வரி பயங்கரவாதத்தைத் தடுத்துவிடவில்லை என்பதற்குப் பஹல்காமே சாட்சி.

மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. 2008 அக்டோபரில் உரி, பூஞ்ச் பகுதிகள் வழியே, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து வர்த்தகம் தொடங்கியது. 21 வகைப் பொருள்கள், சுங்க வரியின்றிப் பண்டமாற்றாகக் கைமாறின. அமைதி நிலவினால்தான் பிழைப்பு என்ற நிலை இருபுறத்து வணிகர்களுக்கும் ஏற்பட்டது.

ஆயுதம், போதைப் பொருள், கள்ள நோட்டு கடத்தப்படுவதாகக் கூறி, 2019 ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தியது. குற்றச்சாட்டு கடுமையானதே. ஆனால், கண்காணிப்பைப் பலப்படுத்திய பின்னர் மீண்டும் திறப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும் என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது.

இன்றைய சூழலில் அப்பாதையை உடனடியாகத் திறப்பது எளிதன்று. எனினும், அறிவித்த கண்காணிப்பு முறையை இப்போதே வகுத்து வைக்கலாம். பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கும் நாளில், இந்த வர்த்தகமே முதற்படியாக அமைய வேண்டும்.