குதிரையை விடவில்லை, உயரத்தைக் குறைத்தேன்!

"ரெண்டு குழந்தை பெத்தாச்சு. இன்னும் என்னம்மா குதிரையும் சவாரியும்?"

என் மாமியார் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டார். காறை எலும்பு முறிந்து, என் இடது கை கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் கிடந்தது. தொட்டிலிலிருந்து எட்டு மாசப் பிள்ளை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டுகிறான். என்னால் தூக்க முடியவில்லை. ஆறு வாரம் அவனைத் தூக்கியது, குளிப்பாட்டியது, ராத்திரி தோளில் போட்டுத் தட்டியது எல்லாம் அத்தைதான். 64 வயசு. இரண்டு முழங்காலிலும் வலி. அப்படிப்பட்டவருக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா என்ன?

"குதிரைச் சவாரியா? அது பணக்காரங்க சமாசாரமாச்சே!" என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. எனக்குக் குதிரை அறிமுகமானது என்.சி.சி.யில். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, அங்கே இருந்த குதிரைப் பிரிவில் சேர்ந்தேன். அன்று பிடித்த பைத்தியம்தான். சொந்தக் குதிரை கிடையாது. சவாரிப் பள்ளிக் குதிரை, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். வருஷத்தில் சில போட்டிகள். பதக்கம் வாங்கி வேலை தேடப் போவதில்லை, ஆசைக்குத்தான்!

ஆனால் இந்த ஆசை ஒரு மணி நேரத்தோடு முடிகிற ஆசை அல்ல. தடை தாண்டும் போட்டியில் ஒரு சுற்று ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். குதிரையைத் தேய்த்து, பிடரி மயிரைச் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னி, தடைகளுக்கு நடுவே நடந்து அளந்து பார்த்து, நம் முறை வரும்வரை வெயிலில் காத்திருந்து... முடிந்ததும் உடம்பைக் குளிரவைத்து, தண்ணீர் காட்டி, தீனி வைத்து, வீடு வந்து சேர்ந்தால் இருட்டிவிடும். "பொண்ணுக்கு ரெட்டைச் சடை போட நேரமில்லே, குதிரைக்குப் பதினஞ்சு சடையா!" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விழுந்த கதைக்கு வருகிறேன். இரண்டாவது பிரசவம் சிசேரியன். ஐந்தாவது மாசமே சேணத்தில் ஏறிவிட்டேன். எட்டாவது மாசம் 90 சென்டிமீட்டர் தடை. முந்தின ராத்திரி பிள்ளை நாலு தடவை எழுந்தான். எனக்குத் தூக்கம் மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். குதிரையின் பேரில் தப்பே இல்லை. தடைக்கு முன்னால் இன்னும் எத்தனை பாய்ச்சல் என்று கண் கணக்குப் போட வேண்டும். தூங்காத கண்ணுக்கு அந்தக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். குதிரை சடக்கென்று நின்றது. நான் நிற்கவில்லை.

பிற்பாடு என் மகப்பேறு டாக்டர் போட்ட டோஸ் இன்னும் காதில் ஒலிக்கிறது. வெளியே தையல் ஆறிவிட்டால் உள்ளேயும் ஆறிவிட்டதாக அர்த்தம் இல்லையாம். இடுப்புத் தளத் தசைகள் பலம் பெறாமல் குதிரை மேல் குலுங்கினால், இருமினாலே சிறுநீர் கசிகிற தொல்லை வரலாம். ஏற்கெனவே கசிவு இருந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ சேணம் பக்கமே போகாமல் முதலில் டாக்டரிடம் போங்கள். சுகப்பிரசவம் என்றாலும் ஆறு வாரச் சோதனைக்கு முன் பேச்சே வேண்டாம். சிசேரியனுக்கு இன்னும் பொறுமை வேண்டும். கர்ப்பத்தில் சவாரி கூடாது என்பதற்கு முக்கியக் காரணம் விழுகிற ஆபத்து. எவ்வளவு கெட்டிக்காரிக்கும் அது உண்டு.

சரி, விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கை பட்டையில் கிடந்த அந்த வாரங்களில்தான் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் பற்றிப் படித்தேன். 1944ல், 23 வயசில், இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது அவரைப் போலியோ தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. முழங்காலுக்குக் கீழே அவருக்குக் கால்கள் சரியாகவே இல்லை. குதிரையில் ஏற்றிவிட ஆள் வேண்டும், இறக்கிவிட ஆள் வேண்டும். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் பெண்களுக்கு முதன்முதலாகக் கதவு திறந்த 1952ல், ஹெல்சின்கியில், ஆண்களோடு போட்டி போட்டு வெள்ளி வாங்கினார். 1956லும் வெள்ளி! எல்லோரும் அவர் மன உறுதியைப் புகழ்கிறார்கள். புகழட்டும். எனக்கு அந்த ஏற்றிவிட்ட கைகள்தான் கண்ணில் பட்டன.

ஜெர்மனியின் ஜெசிகா ஃபான் பிரெடோ-வெர்ண்டல் 2021ல் டோக்கியோவில் இரண்டு தங்கம் வாங்கினார். 2022ல் இரண்டாவது குழந்தை. 2024ல் பாரிசில் மறுபடி இரண்டு தங்கம். "பார், அவளால் முடியுதே!" என்று இதை நம்மிடம் காட்டுவது நியாயமே இல்லை. அவருக்கு அது முழுநேர வேலை. நமக்கு ஆபீசும் அடுப்பும் போக மிச்ச நேரம்தான் குதிரை. அதே ஜெர்மனியின் ரைனர் கிளிம்கே வக்கீல் தொழிலும் பார்த்துக்கொண்டு ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். பிள்ளை குட்டிக்காரர். "பிள்ளைகளை யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று அவரை யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை!

என் கட்சி இதுதான். குழந்தைகள் சின்னதாக இருக்கும்போது அம்மா குதிரையை விட வேண்டாம். உயரத்தை விடட்டும். நான் தடை தாண்டுவதை நிறுத்தி டிரெஸ்ஸாஜுக்கு மாறினேன். வேலி போட்ட செவ்வகத்துக்குள் குதிரையை நடத்தி, ஓட்டி, வட்டமடித்துக் காட்டுகிற போட்டி. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் அணி தங்கம் வாங்கியது இதில்தான். இதிலும் விழலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பறந்து விழுகிற வேலை இல்லை. போட்டியும் வருஷத்துக்கு ஒன்றுதான். ராத்திரி தூக்கம் கெட்டால் காலையில் ஏறுவதில்லை. இது என் சட்டம், அத்தை போட்டதல்ல.

பதிலுக்கு வீடு எனக்குக் கொடுப்பது வாரத்தில் இரண்டு காலை, ஆறு முதல் எட்டு வரை. அந்த நேரத்தில் டிபன் பாக்ஸ் என் கணவர் பொறுப்பு. உப்புமா கட்டி தட்டினாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

குழந்தைகளை லாயத்துக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்குழந்தையை மடியில் வைத்துக் குதிரை மேல் போட்டோ எடுக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். குதிரை ஒரு அடி விலகினால் போதும். கம்பிக்கு வெளியே நிற்கட்டும், பின்னங்கால் பக்கம் போகவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் கை கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள். டெட்டனஸ் ஊசி தவணை தப்பக் கூடாது. தலையில் அடிபட்டால், "ஒண்ணுமில்லே" என்று அன்றே மறுபடி ஏறாமல் டாக்டரைப் பாருங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கி எறியுங்கள், வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

போன மாசம் என் வருஷாந்திரப் போட்டி. முந்தின ராத்திரி சின்னவனுக்கு 102 டிகிரி காய்ச்சல். "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்றார் அத்தை, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் போகவில்லை. ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லையே! கட்டிய நுழைவுக் கட்டணம் திரும்பி வரவில்லை. அடுத்தது டிசம்பரில்.